இடது காது

உங்க அக்கா பையன் குணத்துக்கு மிலிட்டரி அகாடமி ஒத்து வருமான்னு கேட்டீங்க பாருங்க, அதான் சார் கேள்வி. அதை எவனும் கேக்கிறதில்ல. மார்க்கு எவ்வளவுங்கிறான், உயரம் எவ்வளவுங்கிறான், இங்கிலீஷ் வருமாங்கிறான். குணம் எப்படின்னு ஒருத்தன் கேக்க மாட்டேங்கிறான். கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காருங்க சார், எனக்கு அந்தக் காது மந்தம். சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல உஸ்தாத் ஒண்ணு விட்டாரு, அதுல போனது. உஸ்தாத்னா ட்ரில் சொல்லித் தர்றவரு. அந்த ஒரு அறையிலதான் நான் மனுஷன் ஆனேன்.

என் பேரு ஏகாம்பரம். இருபத்தி நாலு வருஷம் சர்வீஸ், ஹவில்தாரா வெளிய வந்தேன். இப்ப ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில செக்யூரிட்டி சூப்பர்வைசர். அதோ, கண்ணாடி ரூமுக்குள்ள காதுல மிஷின் மாட்டிக்கிட்டு, சத்தம் கேக்கக் கேக்க பட்டனை அமுக்கிக்கிட்டு இருக்கானே, அவன்தான் என் பையன் தணிகைவேல். கதவுகிட்ட மஞ்சப் புடவையில நிக்கிறது என் வீட்டுக்காரி பச்சையம்மா. என்கூட ரெண்டு நாளா பேசறதில்ல. அது கெடக்குது, அப்புறம் சொல்றேன்.

விஷயம் என்னன்னா சார், பையன் எழுத்துப் பரிட்சை பாஸ். பெங்களூர்ல அஞ்சு நாள் நடக்கிற இன்டர்வியூ, அதுவும் பாஸ். நூத்துச் சொச்சம் பேர் வந்ததுல ஏழு பேரை எடுத்தாங்க, அதுல எம்புள்ள ஒருத்தன். அடுத்த நாளே மெடிக்கல். அங்கதான் வெச்சான் ஆப்பு. இடது காதுச் சவ்வுல ஓட்டை, அன்ஃபிட்னு எழுதிட்டான். நாப்பத்திரண்டு நாளைக்குள்ள மறுபடியும் மெடிக்கல் போர்டு முன்னாடி போய் நின்னு, ஓட்டை மூடிடுச்சுன்னு காட்டணும். காட்டிட்டா புனே பக்கத்துல அகாடமி, நாலு வருஷம் கழிச்சுத் தோள்ல ஸ்டார். காட்டலைன்னா அவ்வளவுதான், பள்ளிக்கூடத்துல லேட்டா சேர்த்ததால வயசும் தாண்டுது, இதான் கடைசி. இன்னைக்கு முப்பத்தெட்டாவது நாள்.

இடது காதுல எப்படி வந்துதுன்னுதான் சார் எனக்குப் புரியல. பரம்பரையில யாருக்கும் கிடையாது. ஹெட்போன்தான்னு நினைக்கிறேன். சும்மா இருந்தா தீக்குச்சி விட்டுக் குடையறது வேற. எங்க மாமனார் ஊர்ல கிணத்துல குதிப்பான் சின்ன வயசுல. இந்த டாக்டர் முதல் நாளே லைட்டை அடிச்சுப் பாத்துட்டு, "யாராவது அறைஞ்சாங்களா?"ன்னு கேட்டாரு. பையன் வாயைத் திறக்கல. நான்தான், "கிணத்துல குதிச்சான் டாக்டர்"னு சொன்னேன். அவரும் எழுதிக்கிட்டாரு. "சின்ன ஓட்டைதான், தானா மூடும். தண்ணி படக்கூடாது, மூக்கை வேகமா சிந்தக்கூடாது, அடி படவே கூடாது"ன்னாரு. அடி எதுக்கு சார் படப்போகுது?

குணத்துக்கு வர்றேன். ஆபீசர் ஆகிறதுக்கு என்ன குணம் வேணும்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி எவனுக்கும் தெரியாது. இருபத்தி நாலு வருஷம் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். எங்க யூனிட்டுக்கு ஒரு லெஃப்டினன்ட் வந்தான். இருபத்து மூணு வயசு, மீசைகூட ஒழுங்கா மொளைக்கல. சத்தமா பேசத் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு லைன்ல ஒரு ஜவான் பேசிக்கிட்டு நின்னான். நான் ரெண்டு விட்டேன். ரெண்டே ரெண்டு. உதடு கிழிஞ்சுது, பல்லு ஒண்ணு ஆடுச்சு, வேற ஒண்ணுமில்ல. நாங்கெல்லாம் வாங்காததா? இந்தப் பொடியன் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, மெதுவா சொல்றான், "ஏகாம்பரம், அவனால உன்னைத் திருப்பி அடிக்க முடியாது. அது தெரிஞ்சுதான் நீ அடிச்சிருக்க." அவ்வளவுதான் சார். எனக்கு வரவேண்டிய ப்ரமோஷன் நின்னு போச்சு. நாயப் சுபேதாரா வெளிய வந்திருக்க வேண்டியவன், ஹவில்தாரா வந்தேன். அப்பவே முடிவு பண்ணேன். எனக்கு ஒரு புள்ள இருக்கான், அவனை ஆபீசர் ஆக்கிக் காட்டறேன், அவன் தோள்ல ஸ்டாரைப் பாத்து நான் சல்யூட் அடிக்கிறேன்னு. இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது சார். இருபத்து மூணு வயசுப் பையன்.

அதனால பன்னெண்டாவது பரிட்சை முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சேன். காலையில அஞ்சு மணிக்கு மாடியில ஃபாலின், விறைப்பா வந்து நிக்கணும். கையில ரெண்டு செங்கல், நீட்டிப் பிடிக்கணும். கை இறங்கினா முட்டிக்குப் பின்னாடி பெல்ட். முதல் வாரம் வாந்தி எடுத்தான். கழுவித் தள்ளுடான்னு சொல்லி, மறுபடியும் செங்கல். ரெண்டாவது வாரம் மயக்கம் போட்டு விழுந்தான், தாடையில தையல். அவங்கம்மா அழுதா. நான் கண்டுக்கல. உடம்பு சுலபம் சார், பெல்ட்டுக்கு உடம்பு கேட்டுடும். குணத்துக்குத்தான் தனி ட்ரெயினிங்.

பெங்களூர்ல ஒரு டெஸ்ட் உண்டு. திரையில ஒரு வார்த்தை காட்டுவான். பதினஞ்சு செகண்டுக்குள்ள மனசுல வர்றதை ஒரு வாக்கியமா எழுதணும். அறுபது வார்த்தை. அதை வெச்சு உள்ள இருக்கிற குணத்தை வெளிய எடுத்துடுவானாம். எனக்கு இங்கிலீஷ் ஓட்டை, அதனால தமிழ்லயே நடத்தினேன். நான் இருட்டுன்னா அவன், "விளக்கு ஏத்தலாம்"னு சொல்லணும். பயமா இருக்கும்னு சொன்னா அறை விழும். ஆறுன்னா, "நீந்திக் கடப்பேன்." முழுகிடுவேன்னு சொன்னா விழும். பதினாறாவது செகண்டுன்னாலும் விழும். நல்லதாவே வரணும் சார் மனசுல. வராம எங்க போகும்? வர வெச்சேன்.

இன்னொண்ணும் நானே கண்டுபிடிச்சது. இமை டெஸ்ட். சாப்பிடும்போது, படிக்கும்போது, செருப்பு மாட்டும்போது, எப்பன்னு சொல்லாம முகத்துக்கு நேரா கையை ஓங்குவேன். இமைச்சா நிஜமாவே விழும். இமைக்கலைன்னா ஷாபாஷ், சும்மா விட்டுடுவேன். முதல் மாசம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவை வாங்கினான். அப்புறம் குறைஞ்சுது. கடைசியில இமைக்கிறதையே விட்டுட்டான் சார்! அவங்க அம்மா தலையைத் தடவக் கையைத் தூக்கினாகூட இமை அசையாது. அப்படியே பாத்துக்கிட்டு இருப்பான். அவளுக்கு அது பிடிக்கல. உள்ள போய் அழுதா. பொம்பளைக்கு ட்ரெயினிங் என்ன தெரியும்?

அறையிறதுலயும் முறை இருக்கு சார், கண்மூடித்தனமா அறையக்கூடாது. எங்க உஸ்தாத் சொல்லிக் கொடுத்தது. விரலால விட்டா தழும்பு விழும், கண்ணுல பட்டா ஆபத்து. உள்ளங்கையை இப்படி, கிண்ணம் மாதிரி குழிச்சுக்கணும். குழிச்சுக் காதோட சேர்த்து விட்டா சத்தம் பெருசா வரும், காயம் இருக்காது. என் புள்ள சார், காயம் படக்கூடாதுன்னு அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன். ஒரு தடவைகூட முகத்துல தழும்பு விழுந்தது கிடையாது. யாரை வேணா கேளுங்க.

பெங்களூருக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையில கடைசி டெஸ்ட். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறான். நான் சும்மா ஒரு வார்த்தை போட்டேன், "வீடு." அவன் பதினஞ்சு செகண்டுகூட எடுத்துக்கல. பட்டுனு சொன்னான், "விட்டுட்டுப் போறேன்." எனக்கு எங்கிருந்து கோவம் வந்துதோ, வலது கையால விட்டேன் ஒண்ணு. விட்டுட்டுப் போறேன்கிறது என்ன பதில் சார்? நாலு மாச ட்ரெயினிங் வீணா? சுவத்துல போய் மோதி நிமிர்ந்து நின்னான். காலர்ல ஒரு பொட்டு ரத்தம். கொப்புளம் ஏதாவது உடைஞ்சிருக்கும்னு சட்டையை மாத்தச் சொன்னேன். மாத்திக்கிட்டு, "வரேம்மா"ன்னு அவகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனான்.

அந்த அஞ்சு நாளும் காதுல ஏதோ இரைச்சலாம், தலை சுத்தலாம். வந்து சொன்னான். அப்படி இருந்தும் எடுத்திருக்காங்கன்னா என் ட்ரெயினிங்கைப் பாத்துக்குங்க. ஆனா ஒண்ணு சார், எதைப் பாத்து எடுத்தாங்கன்னுதான் விளங்கல. அங்க பலகை, கயிறு, டிரம்மெல்லாம் கொடுத்து ஒரு டீமை அக்கரைக்குப் போகச் சொல்வான். இவன் டீம்ல ஒரு பையன் பலகையிலிருந்து வழுக்கிக் கையை உடைச்சுக்கிட்டான். எல்லாரும் டைம் ஆகுதுன்னு கயித்தைப் பிடிச்சுப் போறானுங்க. இவன் மட்டும் கயித்தைப் போட்டுட்டு அந்தப் பையன் கையில துண்டு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. "ஏண்டா விட்ட? ஜெயிக்கப் போனியா, ஆயா வேலை பாக்கப் போனியா?"ன்னேன். "அவன் கத்துனாம்பா"ங்கிறான். அதான் பதிலா? காது மட்டும் அப்படி இல்லைன்னா அன்னைக்கு அவனை என்ன பண்ணியிருப்பேன்னு தெரியாது.

ஆமா, மெடிக்கல் முடிஞ்ச நாள்லருந்து இடது காதை நான் தொடவே இல்ல சார். சாமி சத்தியமா. கண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன். பஞ்சுல வாசலின் தடவி நானே வெப்பேன், அப்புறம்தான் குளிக்க விடுவேன். இதுல ஆடி மாசம் வந்து தொலைஞ்சுது. எங்க தெருக் கோயில்ல மைக் செட், ஸ்பீக்கரை என் வீட்டைப் பாத்துக் கட்டியிருக்கான். சத்தத்துல சவ்வு அதிருமா அதிராதா? ஒரு தடவை மரியாதையா சொன்னேன். அந்த மைக் செட் ஆளு, "சாமி பாட்டுக்கு யாருங்க காதைப் பொத்துவாங்க?"ன்னு சிரிச்சான். ஒயரை அறுத்தேன். தடுக்க வந்தான், ஆம்ப்ளிஃபயர் மேலயே தலையை வெச்சு நாலு இடி. நெத்தி பொளந்து ரத்தம் கண்ணுல ஒழுகுது, கூழ் ஊத்த வந்த பொம்பளைங்க எல்லாம் கத்தறாங்க. ஸ்டேஷன் வரைக்கும் போச்சு. போகட்டும். யாருக்காகப் பண்ணேன்? எம்புள்ள காதுக்காகத்தானே?

பலன் கிடைச்சுது சார். இருபத்தோராவது நாள் டாக்டர் பாத்துட்டு, "முக்கால்வாசி மூடிடுச்சு, இப்படியே விட்டுடுங்க"ன்னாரு. அன்னைக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்லயே அழுதுட்டேன். பையன் தோளைத் தட்டலாம்னு கையைத் தூக்கினேன். இமைக்காம பாத்தான். சரின்னு கையை இறக்கிட்டேன்.

முந்தாநேத்துதான் கெட்டுது. அஞ்சரைக்கு டூட்டி முடிஞ்சு வந்தேன். இன்னும் ஆறு நாள்ல போர்டு. புத்தி துருப்பிடிச்சிடக்கூடாதேன்னு கூடத்துல நிக்க வெச்சு, சும்மா, அடிக்கிற எண்ணமே இல்லாம, வார்த்தை போட்டுக்கிட்டு இருந்தேன். மழைன்னேன், மலைன்னேன், நல்லாத்தான் சொன்னான். அப்புறம், "பயம்"னேன். அவன் யோசிக்கிறான். அஞ்சு செகண்டு, எட்டு செகண்டு. சமையல் ரூம்லருந்து இவ பதில் சொல்றா சார்!

"பயம்னா அஞ்சரை மணிக்கு வாசல்ல ஷூ கழட்டுற சத்தம்."

எனக்கு ஒண்ணும் புரியல. ஷூ கழட்டுறதுல என்ன பயம்? இருபது வருஷமா கழட்டுறேன். ஆனா அவளை யாரு கேட்டா? இது பையனுக்கு நடக்கிற டெஸ்ட். உள்ள போனேன். பருப்பு கடைஞ்சுக்கிட்டு இருந்தா. முடியைப் பிடிச்சு இழுத்து மேடையில ஒரு மோது. சட்டி கவுந்து கொதிக்கிற பருப்பு அவ கால்ல கொட்டுச்சு. கத்தவே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஏறிடுச்சு. மறுபடி கையை ஓங்கறேன், கை வரமாட்டேங்குது. திரும்பினா இவன்.

என் வலது மணிக்கட்டைப் பிடிச்சிருக்கான் சார். எம்புள்ள! இழுக்கிறேன், முறுக்கறேன், அசையல. இந்தக் கையை இருபத்தி நாலு வருஷத்துல ஒருத்தன் பிடிச்சதில்ல. பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையா இருந்துது. செங்கல்லு வேலை செஞ்சிருக்குன்னு நினைச்சேன். "விடுடா"ன்னேன். "அம்மாவை இனிமே தொடமாட்டேன்னு சொல்லுப்பா, விடறேன்"கிறான். கத்தல, மெதுவா சொல்றான். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உச்சி மயிர் நட்டுக்கிச்சு. அந்த லெஃப்டினன்ட் பேசின அதே சத்தம்.

அப்பக்கூட எனக்கு ஞாபகம் இருந்துது பாருங்க. முப்பத்தாறாவது நாள், இடது காதைத் தொடக்கூடாது. அவ்வளவு கோவத்துலயும் அது ஞாபகம் இருந்துது. இடது கை சும்மா இருந்துது. அதால அந்தப் பக்கம் விட்டேன். வலது கன்னத்துல. ஒண்ணு இல்ல, அவன் பிடியை விடற வரைக்கும். உள்ளங்கையைக் குழிச்சுத்தான், முறையாத்தான். ஏழோ எட்டோ. தலை அந்தப் பக்கம் போகுது, திரும்ப வருது, போகுது, வருது. இமைக்கல. பிடியையும் விடல. எனக்குத்தான் கை ஓய்ஞ்சு போச்சு. அப்புறம் அவனா விட்டான். விட்டுட்டு அவங்க அம்மா காலுக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டான்.

இங்கதான் சார் உங்க அக்கா பையன் விஷயத்துக்கு வர்றேன், கவனிங்க. அவன் ஒரு கையால என்னைப் பிடிச்சிருந்தான். இன்னொரு கை சும்மாதான் இருந்துது. என்னை ஒண்ணு விட்டிருக்கலாமில்ல? பலம் இருக்கு, நியாயமும் இருக்குன்னு அவன் நினைக்கிறான். ஆனா விடல. எதிரியைக் கையில பிடிச்சு வெச்சுக்கிட்டு அடிக்காம நிக்கிறவன் என்ன ஆபீசர்? அன்னைக்கு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இவன் குணத்துக்கு மிலிட்டரி ஒத்து வருமான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஏதோ அதிர்ஷ்டத்துல பாஸ் பண்ணிட்டான், அங்க போய் என் மானத்தை வாங்கப் போறான்னு தோணுச்சு. சரி, முதல்ல காது மூடட்டும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

வந்துட்டாங்க பாருங்க. தணிகை! டேய் தணிகை! பாத்தீங்களா, இங்கதான், நாலு அடி தூரத்துல இருக்கேன். திரும்பறானான்னு பாருங்க. திமிர் சார், முந்தாநாள்லருந்து இப்படித்தான். அவ அந்தப் பக்கம் நின்னு குசுகுசுன்னு பேசறா, அது மட்டும் கேக்குது. நான் கூப்பிட்டா கேக்கல.

கொடு, அந்த ரிப்போர்ட்டைக் கொடு. என்னடி, ஆஸ்பத்திரியிலகூடப் பேசமாட்டியா? சார், நான் கண்ணாடி எடுத்துட்டு வரல. டாக்டர் என்ன எழுதியிருக்காருன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இடது காது... முழுசா மூடிடுச்சா? முழுசாவா? முருகா! நான் சொன்னேன்ல சார், தொடவே இல்லைன்னு! முப்பத்தெட்டு நாள், ஒரு தூசி பட விடல! டேய் தணிகை, மூடிடுச்சுடா!

கீழ என்னமோ இருக்கா? வலதா? வலதுல என்ன? அவருக்குப் பக்கம் மாறியிருக்கும் சார், நல்லாப் பாருங்க. புதுசான்னு எழுதியிருக்கா? பெரிய ஓட்டையா? ஆபரேஷனா? எத்தனை மாசம்... சார், இன்னும் நாலு நாள்தான் இருக்கு.

தணிகை, இங்க வாடா. டாக்டர் கேட்டாரா, எப்படி ஆச்சுன்னு? என்னடா சொன்ன? கிணறுன்னுதானே சொன்ன? இங்க பாருடா!

என்ன... சொல்லிட்டியா? என்ன சொல்லிட்ட? எங்க போறீங்க ரெண்டு பேரும்?

போகட்டும் விடுங்க சார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் போவாங்க. வேற எங்க போயிடுவாங்க? நீங்க அப்படிப் பாக்காதீங்க. எட்டு அறை தாங்கல பாருங்க, இந்த உடம்பை வெச்சுக்கிட்டு இவன் எங்க சண்டை போடறது? நான் சொல்லல? குணம் வேணும் சார். குணம் இல்லாதவனுக்கு எத்தனை மாசம் ட்ரெயினிங் கொடுத்தாலும் வீண். என்மேல தப்பு, ஆளை மாத்திப் பிடிச்சிட்டேன்.

இப்ப பொண்ணுங்களையும் அகாடமியில எடுக்கிறாங்க தெரியுமா? எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, உங்ககிட்ட சொல்லவே இல்ல பாருங்க. தேன்மொழி. பத்தாவது படிக்கிறா. நான் வீட்டுக்குள்ள கால் வெச்சா அப்படியே எழுந்து சுவத்தோட நின்னுடுவா சார், ஒரு விரல்கூட அசையாது, மூச்சு விடற சத்தம்கூட வெளிய வராது. யாரும் சொல்லிக் கொடுக்கல, அவளா நிக்கிறா. அவளுக்குத்தான் சார் அந்தக் குணம் இருக்கு.